ஆய்வகமும் வீடும் கைவேலையும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

அறிவியல் ஆராய்ச்சியில் அடியெடுத்து வைக்கும் பலருக்கு அதற்கு முன்பே ஒரு கைவேலை இருந்திருக்கும். பின்னல், எம்பிராய்டரி, ஓரிகாமி, மரவேலை என்று ஏதோ ஒன்று சிறுவயதிலிருந்தே கூட வந்திருக்கும். முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியதும், அல்லது வீட்டில் ஒரு குழந்தை பிறந்ததும், முதலில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போவது அந்தக் கைவேலைதான். கேட்டால் நேரமில்லை என்பார்கள். அது பொய்யும் அல்ல. ஆனாலும் சற்று ஊன்றிக் கவனித்தால், நேரக் குறைவைக் காட்டிலும் இடையில் நிறுத்த முடியாத வேலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் என்பது புலப்படும். இருபது நிமிடம் மட்டுமே கிடைக்கும் மாலைப் பொழுதில் இரண்டு மணி நேரம் கேட்கும் கைவேலையைத் திட்டமிட்டால் அது ஒருநாளும் நடக்காது. பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவர வேண்டிய நேரத்தில் கையை எடுக்க முடியாத சோதனை ஒன்றைத் தொடங்கிவிட்டால் இரண்டுமே கெடும். ஆகவே இந்த வழிகாட்டி மூன்று பொறுப்புகளையும் மணிக்கணக்கில் பங்கு போடச் சொல்லவில்லை. எந்த வேலை எங்கே நிற்கும், எந்த வேலை நிற்காது என்பதைக் கொண்டு அவற்றை அடுக்கிக்கொள்ளும் முறையையே இது விளக்குகிறது.

படி 1: ஆய்வு வேலையின் நிறுத்துமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு வாரங்களுக்கு, நீங்கள் செய்யும் ஒவ்வொரு ஆய்வுப் பணிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறியைப் போட்டு வாருங்கள். எந்த நொடியிலும் நிறுத்தக்கூடியது, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நிறுத்தக்கூடியது, தொடங்கினால் முடியும் வரை நிறுத்தவே முடியாதது என்பவையே அந்த மூன்று வகைகள். ஆய்விதழ்க் கட்டுரை படிப்பது முதல் வகை. நிரல் எழுதுவதும் அப்படித்தான் என்று தோன்றும். ஆனால் தலைக்குள் கட்டிவைத்த கணக்கு ஒருமுறை கலைந்துவிட்டால் அதை மறுபடி கட்டுவதற்கு நல்ல நேரம் பிடிக்கும் என்பதால், அதை இரண்டாம் வகையில் சேர்ப்பதே சரி. எழுந்து போகும் முன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதி வைக்கும் பழக்கம் இந்த இழப்பைப் பெருமளவு குறைக்கும். டிஎன்ஏ துண்டுகளைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் கருவி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தானாக ஓடும். அதில் மாதிரிகளை ஏற்றும் வேலைதான் மூன்றாம் வகையைச் சேர்ந்தது, ஓட்டம் முழுவதும் அல்ல. இவ்வாறு ஒரே சோதனைக்குள்ளேயே நிற்கும் பகுதியும் நிற்காத பகுதியும் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் படியின் பயன்.

இதில் புதியவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்று உண்டு. ஆய்வகத்தின் உயிரினங்களும் செல்களும் விதிக்கும் நேரத்தை ஓரளவுக்கு நாமும் மாற்றியமைக்கலாம். பழ ஈக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறத்தாழ 10 நாள் ஆகும்; 18 டிகிரியில் வைத்தால் கிட்டத்தட்ட இருமடங்கு காலம் பிடிக்கும். இனச்சேர்க்கை செய்யாத பெண் ஈக்களைச் சேகரிக்க, 25 டிகிரியில் வெளிவந்து சுமார் 8 மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும். 18 டிகிரியில் அந்த அவகாசம் சுமார் 16 மணி நேரமாக நீள்கிறது. எனவே மாலையில் குப்பிகளிலிருந்து வெளிவந்த ஈக்களையெல்லாம் அகற்றி, குப்பிகளை 18 டிகிரி அறையில் வைத்துவிட்டுச் சென்றால், இரவில் திரும்பி வர வேண்டிய கட்டாயம் இல்லாமல் மறுநாள் காலையில் சேகரிக்கலாம். செல் வளர்ப்பில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமையன்று செல்களை வழக்கத்தைவிட அதிகமாக நீர்த்துப் பிரித்து வைத்தால், வேகமாகப் பெருகும் வகைகள்கூடத் திங்கட்கிழமை வரை பெரும்பாலும் தாங்கும். பாக்டீரியாத் தட்டுகள் 4 டிகிரியில் சில வாரங்கள் கெடாமல் இருக்கும். இவற்றையெல்லாம் மூத்த ஆய்வு மாணவர்கள் சொல்லாமலே செய்துகொண்டிருப்பார்கள். அதனால் கேட்டால்தான் தெரியவரும். உங்கள் துறையில் இதற்கு இணையான நெகிழ்வு எங்கே இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே விசாரித்துக்கொள்வது, நேர மேலாண்மை குறித்த எந்தப் பயிற்சி வகுப்பையும்விட மிகுந்த பலன் தரும்.

களப்பணி உள்ளவர்களின் நிலை வேறு. பருவம் வந்தால் போயே ஆக வேண்டும். அந்த வாரங்களில் வீட்டுப் பொறுப்பு முழுவதும் மற்றவர் தலையில் விழும். அவர்கள் ஆண்டுக் கணக்கில்தான் சமநிலையைப் பார்க்க வேண்டுமே தவிர, வாரக் கணக்கில் பார்த்தால் மனம் நொந்துபோகும்.

படி 2: வேலைக்கு எதிர்த்திசையில் இருக்கும் கைவினையைத் தேர்ந்தெடுங்கள்

பிடித்ததைச் செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதோடு இன்னும் இரண்டு அளவுகோல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது உடல். நாள் முழுவதும், திரவத்தைச் சிறு அளவில் அளந்தெடுக்கும் பிபெட்டின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, மாலையில் வீடு திரும்பி, ஒற்றைக் கொக்கி ஊசியால் செய்யும் குரோஷே பின்னலை இறுக்கமாகத் தொடங்கினால், அதே கட்டைவிரலும் அதே மணிக்கட்டும் மறுபடி உழைக்கின்றன. கட்டைவிரலின் அடிப்பகுதியிலும் மணிக்கட்டின் ஓரத்திலும் வலி தொடங்கி, அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் தசைநாண் உறை வீங்கி, பிபெட்டையும் ஊசியையும் ஒருசேரக் கீழே வைக்க வேண்டிய நிலை வரும். நுண்ணோக்கியில் கழுத்தை வளைத்து மணிக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு நுணுக்கமான எம்பிராய்டரியும் மணிவேலையும் கண்ணையும் கழுத்தையும் இரட்டிப்பாக வாட்டும். மாறாக, அவர்களுக்குக் களிமண் வேலை, பெரிய அளவிலான நெசவு, மரவேலை ஆகியவை தோள்பட்டையையும் முழுக்கையையும் இயக்கும். கணினி முன் அமர்ந்தே பணியாற்றும் கோட்பாட்டு ஆய்வாளர்களுக்கு, நின்றுகொண்டு செய்யும் எந்தக் கைவேலையும் நல்லது. மனம் விரும்புவது குரோஷேதான் என்றால் அதை விட்டுவிட வேண்டியதில்லை. தடித்த பிடி உள்ள ஊசி, தடித்த நூல், தளர்வான பின்னல் என்று மாற்றிக்கொண்டு, பிபெட் வேலை மிகுந்த நாள்களில் மட்டும் ஊசியைத் தொடாமல் இருந்தால் போதும். இந்த ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனெனில் களைத்துப்போன நாளில்தான் கை அதைத் தேடும்.

இரண்டாவது அளவுகோல் நிறுத்தும் தன்மை. குரோஷே இதில் முதலிடம் வகிக்கிறது. ஊசியில் உயிர்க்கண்ணி, அதாவது இன்னும் பூட்டப்படாத கண்ணி, ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைச் சற்று நீட்டி இழுத்துவிட்டு வைத்தால், எத்தனை நாள் கழித்தும் அதே இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு ஊசிப் பின்னலில் வரிசையின் நடுவே விட்டால் கண்ணிகள் நழுவும் ஆபத்து உண்டு. ஊசி முனைகளில் தக்கை செருகி வைக்க வேண்டும். ஓரிகாமியை மடிப்புகளுக்கு இடையே எங்கும் நிறுத்தலாம். களிமண்ணை ஈரத்துணியாலும் பாலித்தீனாலும் மூடினால் சில நாள் காத்திருக்கும், ஆனால் கைப்பிடி ஒட்டுவது போன்ற இணைப்பு வேலைகளுக்கு மண்ணின் ஈரம் சரியான பதத்தில் இருக்கும் நேரம் குறுகியது. இயற்கைச் சாயமிடுதல் தொடங்கினால் பாதியில் விட முடியாது. இரண்டு திரவங்களைக் கலந்து வார்க்கும் பிசினான எபாக்ஸி ரெசினோ, கலந்த நொடியிலிருந்து இறுகத் தொடங்கிவிடும். யாருக்காகவும் அது காத்திருக்காது. சிறு குழந்தை உள்ள வீட்டில், அதுவும் நிறுத்த முடியாத சோதனைகள் நிறைந்த ஆய்வு வேலையில் இருப்பவர், ரெசினைத் தன் முதன்மைக் கைவினையாகத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடுமுறை நாளுக்கான தனி மகிழ்ச்சியாக அது இருக்கட்டும்.

என் கணிப்பில், ஒரே சமயத்தில் இரண்டு கைவேலைகளுக்கு மேல் கையில் இருக்கக் கூடாது: எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, சிந்தனை தேவைப்படாத ஒன்று, வீட்டில் மேசையில் மட்டும் செய்யக்கூடிய, கவனம் கேட்கும் மற்றொன்று. மூன்றாவது ஒன்றைத் தொடங்க ஆசை எழும்போது, முதல் இரண்டில் ஒன்றை முடிக்கவோ பிரித்துவிடவோ வேண்டும்.

படி 3: இடத்தையும் பொருள்களையும் பிரித்து வையுங்கள்

ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் இடையே பொருள்கள் போய்வரக் கூடாது என்பது இந்தப் பகுதியின் ஒரே கண்டிப்பான விதி. சாயமிடத் தேவைப்படும் என்று ஆய்வகத்தின் பீக்கரையோ வேதிப்பொருளையோ வீட்டுக்குக் கொண்டுவருவது நிறுவன விதிகளுக்குப் புறம்பானது என்பதோடு, அந்தக் கண்ணாடியில் முன்பு என்ன இருந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதேபோல், சோதனை ஓடிக்கொண்டிருக்கும் காத்திருப்பு நேரத்தில் பின்னுவதாக இருந்தால், கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, ஆய்வக அங்கியை விட்டுவிட்டு, எழுத்து மேசை இருக்கும் அறைக்குப் போய்ப் பின்னுங்கள். நூல் எல்லாவற்றையும் உறிஞ்சும். அந்த நூல்தான் பிறகு குழந்தையின் தொப்பியாகப் போகிறது.

வீட்டில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பொத்தான், மணி, பொம்மைக்கண் ஆகிய சிறு பொருள்கள் பூட்டும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பொம்மைகளின் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. இதைவிட ஆபத்தானவை இரண்டு. ஒளிரும் வாழ்த்து அட்டைகளுக்குப் பயன்படும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால், அதன் மின்னோட்டம் உணவுக்குழாயில் காரத்தை உருவாக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக அரித்துவிடும். சக்திவாய்ந்த சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை இடையில் நசுக்கிக்கொண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். குழந்தை இவற்றை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த வயதுக் குழந்தை இருக்கும் ஆண்டுகளில் இந்த இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல்.

ரெசின் வேலை செய்வோர் கவனிக்க: எபாக்ஸி தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகலாம், ஒருமுறை உண்டானால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். நைட்ரைல் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். உலர்ந்த களிமண் தூளைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அதில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு, ஆகவே ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஆய்வகத்தில் இவற்றையெல்லாம் தவறாமல் கடைப்பிடிப்பவர்கள், வீட்டுக்கு வந்ததும் அலட்சியமாகிவிடுவது வியப்பாகத்தான் இருக்கிறது.

படி 4: குடும்பத்தோடு சேர்ந்து திட்டமிடுங்கள்

வாரத்துக்கு ஒருமுறை, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் கால் மணி நேரம் உட்கார்ந்து, வரும் வாரத்தில் யாருக்கு எந்தெந்த நேரம் நிறுத்த முடியாதது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மாலை நுண்ணோக்கி ஒதுக்கீடு, உங்கள் துணைவருக்கு வியாழக்கிழமை கூட்டம், மூத்தவர் ஒருவருக்கு மருத்துவர் சந்திப்பு என்று அவை அரை டஜனுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். இந்தப் பட்டியலில் உங்கள் கைவேலைக்கும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். கேட்காமல் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளும் நேரம் குற்ற உணர்வோடு வரும், பறிபோகும்போது கோபத்தோடு போகும். அதே நேரம், உங்களுக்கு ஒரு மாலை என்றால் துணைவருக்கும் ஒரு மாலை உண்டு என்பதை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைகளின் படிப்பையும் விளையாட்டையும் தனி ஒரு வீடு சுமக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தம் கணவர் பியர் கியூரி 1906-இல் விபத்தில் இறந்த பிறகு, விஞ்ஞானி மரி கியூரியும் அவருடைய சக விஞ்ஞானிகளும் சேர்ந்து பாரிசில் ஒரு கூட்டுப் பள்ளியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள். ஏறக்குறைய பத்துப் பிள்ளைகள், பெற்றோரே ஆசிரியர்கள். மரி கியூரி இயற்பியல் சொல்லிக்கொடுத்தார், ஜான் பெரின் வேதியியல், பால் லாஞ்ஜவான் கணிதம். களிமண்ணில் உருவம் வடிக்கவும் படம் வரையவும்கூட அங்கே பாடம் உண்டு. அதில் படித்த மரியின் மூத்த மகள் இரேன் 1935-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைத் தன் கணவரோடு பகிர்ந்துகொண்டார் என்பது அந்தப் பள்ளியின் வெற்றிக்குச் சான்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு பெற்றோரும் தம் முறை வரும் நாளில் மட்டும் பாடம் நடத்தினால் போதும், மற்ற நாள்களில் ஆய்வகத்தில் இருக்கலாம் என்ற ஏற்பாடு இன்றும் பின்பற்றத் தகுந்தது. உடன் பணியாற்றுவோரில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால், மாதத்தில் ஒரு விடுமுறை நாளுக்கு இதை எளிதாக நடத்தலாம்.

கைவேலை, அறிவியல், குடும்பம் மூன்றும் ஒரே மேசையில் கூடும் செயல்கள் சில உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நீலப்படிமம் எனப்படும் சயனோடைப் முறையை ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அந்த முறையில் பதிவு செய்து வெளியிடத் தொடங்கினார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசல்களையும் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். முதல் தடவைக்கு, ஏற்கெனவே பூசப்பட்ட தாளை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பானது. நீங்களே கலப்பதாக இருந்தால் குழந்தைகள் இல்லாத நேரத்தில் கையுறையோடு கலந்து, வலுவான அமிலம் எதுவும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது நச்சு வாயுவை வெளியேற்றக்கூடும். பிறகு பிள்ளைகள் தாங்கள் பொறுக்கிய இலைகளையும் இறகுகளையும் தாளின்மேல் அடுக்கி, ஒரு கண்ணாடித் தகட்டால் அழுத்தி, வெயிலில் வைக்கட்டும். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் சில நிமிடங்களில் சாம்பல் படிந்தது போல மங்கும். புற ஊதா ஒளி இரும்பின் ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்ற, அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. தண்ணீரில் அலசும்போது இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெளிந்து, சுற்றிலும் நீலம் எழும். அடுத்த ஒரு நாள் முழுவதும் அந்த நீலம் மேலும் ஆழமாகிக்கொண்டே போகும். வெயிலில் வைத்த நிமிடங்களை ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று பிள்ளைகளே ஒப்பிடத் தொடங்குவார்கள்.

இரண்டாவது, வளைவுப் பரப்பைக் குரோஷேயில் பின்னுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வடிவியல் கற்பித்த டைனா டைமினா, விளிம்பை நோக்கிப் போகப்போகப் பரப்பு மிகுந்து அலைபோல வளையும் ஹைபர்பாலிக் தளத்தின் காகித மாதிரிகள் எளிதில் கிழிந்துவிடுவதைக் கண்டு, 1997-இல் அதைக் குரோஷேயில் பின்னினார். செய்முறை மிக எளிது. இருபது சங்கிலிக் கண்ணிகள் போட்டு ஒரு வரிசை பின்னுங்கள். அடுத்த வரிசையிலிருந்து, ஒவ்வொரு ஐந்து கண்ணிக்கும் ஒருமுறை ஒரே கண்ணியில் இரண்டு முறை பின்னி ஒன்றைக் கூட்டுங்கள். இதை மாற்றாமல் எல்லா வரிசைகளிலும் தொடர வேண்டும். முதல் ஓரிரு வரிசைகளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு விளிம்பு மெல்ல அலைபாயத் தொடங்கி, பத்துப் பதினைந்து வரிசையில் பவளப்பாறை போலச் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட அதே விகிதத்தில் பெருகுவதால் நூல் எவ்வளவு விரைவாகத் தீர்கிறது என்பதைப் பிள்ளைகள் உருண்டையைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அடுக்குப் பெருக்கத்தை விளக்க இதைவிட நேரடியான வழியை நான் அறியேன். ஐந்துக்கு ஒன்று என்பதை மூன்றுக்கு ஒன்று என்று மாற்றி இன்னொருவர் பின்னினால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிறுத்தும் தன்மையில் இது குரோஷேயின் எல்லா நன்மைகளையும் கொண்டது, வேண்டிய அளவு வந்ததும் நூலை வெட்டிவிடலாம்.

இடையில் ஒன்று: குடும்பத்தோடு செய்யும் எல்லாவற்றையும் பாடமாக்கிவிடக் கூடாது. விஞ்ஞானியான பெற்றோரிடம் இந்தப் பழக்கம் சற்று மிகுதி. பிள்ளை தானாகக் கேட்கும் வரை விளக்கத்தை அடக்கி வைத்திருங்கள்; கேட்காவிட்டால் அன்றைக்கு வெறும் இலைப்படம் மட்டும்தான்.

படி 5: ஒரே குறிப்பேட்டுப் பழக்கத்தைக் கைவேலைக்கும் கொண்டு வாருங்கள்

ஆய்வுக் குறிப்பேடு எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது தனியாகப் பயில வேண்டிய கலை அல்ல. நூலின் பெயர், சாயத் தொகுதி எண், ஊசி அளவு, எத்தனை வரிசை முடிந்தது, அடுத்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் ஒரு துண்டு அட்டையில் எழுதப்பட்டு, அந்த வேலையின் பைக்குள்ளேயே கிடக்க வேண்டும். சாயத் தொகுதி எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே நிறப் பெயரில் வரும் இரண்டு தொகுதிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு விளக்கொளியில் தெரியாமல், முடித்து அணிந்து பகலில் வெளியே போகும்போதுதான் தெரியும். அளவு முக்கியமான உடை என்றால், தொடங்கும் முன் 10 சென்டிமீட்டர் சதுர மாதிரி ஒன்றைப் பின்னிக் கண்ணிகளை எண்ணி, அதையும் அந்த அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கருவியைச் சரிபார்க்காமல் அளவெடுக்க மாட்டோம் என்பவர்கள் இதை மட்டும் தாண்டிப்போவதற்கு நியாயம் இல்லை.

படி 6: பணியிடத்தில் எதைச் சொல்வது, எதைக் கேட்பது

குடும்பப் பொறுப்பைப் பற்றி உங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் பொதுவாகப் பேசினால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். குறிப்பாகப் பேசுங்கள்: வாராந்தரக் கூட்டம் மாலை ஐந்து மணிக்குப் பதில் காலையில் நடக்குமா, கருவி ஒதுக்கீட்டில் காலை நேரம் கிடைக்குமா, குறிப்பிட்ட நாளில் செல்களைக் கவனிக்க இன்னொருவரோடு முறை மாற்றிக்கொள்ளலாமா என்பன போன்ற கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை உண்டு. முறை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு மிகப் பெரிய உதவி. அதைப் பெறுவதற்கு, மற்றவர் படித்துச் செய்யும் அளவுக்கு உங்கள் செய்முறைக் குறிப்பு தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நிதியுதவி விதிகளைக் கடைசி வரி வரை வாசியுங்கள். பல நிதி அமைப்புகள் குழந்தைப் பேற்றுக்கோ பராமரிப்புக்கோ எடுத்த இடைவெளியை, விண்ணப்பிப்பதற்கான வயதையோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளையோ கணக்கிடும்போது கழித்துவிடுகின்றன. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் கூடுதல் அவகாசம் தருவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1995-இல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியான நூஸ்லைன்-வோல்ஹார்ட் 2004-இல் தொடங்கிய அறக்கட்டளை, குழந்தையுள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆள் வைத்துக்கொள்ளப் பணம் தருகிறது. ஆய்வுக் கருவி வாங்கப் பணம் தருவதைப் போலவே நேரத்தை வாங்கவும் பணம் தர வேண்டும் என்ற அந்த எண்ணத்தை உங்கள் வரவுசெலவிலும் பின்பற்றலாம்: பணம் கொடுத்து மற்றவரிடம் விடக்கூடிய வீட்டு வேலை எது என்று பார்த்து, கைக்கு எட்டினால் தயங்காமல் விடுங்கள்.

கைவேலையைப் பற்றி யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. யாராவது முகம் சுளித்தால், நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளிடையே கலை, கைவினைப் பொழுதுபோக்குகள் ஏனைய விஞ்ஞானிகளைவிட மிகுதியாக இருந்ததாக ராபர்ட் ரூட்-பெர்ன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வைக் குறிப்பிடலாம். பின்னினால் பரிசு வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஓய்வும் வசதியும் உள்ளவர்களுக்கு இரண்டுமே எளிதாக வாய்த்திருக்கலாம். இதைவிட உறுதியான சான்று 1951-இல் பிரிட்டனில் கிடைக்கிறது. படிகவியலாளர் ஹெலன் மெகா முன்வைத்த யோசனையின்படி, இன்சுலின் முதலான படிகங்களின் எக்ஸ் கதிர் வரைபடங்கள் அந்த ஆண்டு நடந்த தேசியக் கண்காட்சியான பிரிட்டன் விழாவுக்காகத் துணிகளிலும் சுவர்த்தாள்களிலும் அச்சாயின. அதற்கு வரைபடம் தந்தவர்களில் ஒருவரான டோரதி ஹாட்ஜ்கின், மூன்று குழந்தைகளை வளர்த்தபடியே ஆய்வு செய்து 1964-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய தாயோ பழந்துணிகளையும் நெசவையும் ஆராய்ந்த வல்லுநர்.

படி 7: விற்பனைக்கு இறங்கும் முன்

நண்பர்கள் கேட்கத் தொடங்கியதும் விற்கலாமே என்ற எண்ணம் வரும். அதற்கு முன் பணி ஒப்பந்தத்தையும் உதவித்தொகை விதிகளையும் பாருங்கள். வெளி வருமானத்துக்கு முன் அனுமதி கேட்கும் நிறுவனங்கள் பல உள்ளன. நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ உங்கள் பொருளில் பயன்படுத்தக் கூடாது. விற்பனை வந்ததும் கைவேலையின் தன்மையே மாறிவிடுகிறது: எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றிருந்த பின்னல், ஒருவருக்கு நாள் குறித்துக் கொடுத்த பிறகு நிறுத்த முடியாத வேலையாகிவிடும். ஆகவே முன்பதிவு வாங்காமல், செய்து முடித்ததை மட்டும் விற்பது ஆராய்ச்சியில் இருப்பவருக்கு ஏற்ற முறை. கைவினையே வாழ்க்கை என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. லேசர் இயற்பியலில் பணியாற்றிய ராபர்ட் லாங் 2001-இல் வேலையை விட்டு முழுநேர ஓரிகாமிக் கலைஞரானார். ஆனால் அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்ட வேறொரு கணக்கு.

படி 8: நெருக்கடிக் காலத்துக்கு முன்கூட்டியே விதி வகுத்துக்கொள்ளுங்கள்

ஆய்வேடு எழுதும் மாதங்கள், நிதி விண்ணப்பக் கெடு, களப்பணிப் பருவம், வீட்டில் நோய் ஆகியவை வரும்போது எதை விடுவது என்று அப்போது யோசித்தால் தவறாகவே முடிவெடுப்போம். மேசைக் கைவேலையை முதலில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எடுத்துச் செல்லும் சிறு பின்னலை மட்டும் கையில் வைத்திருங்கள். குடும்பத்தோடு செலவிடும் நேரங்களில் ஒன்றே ஒன்றை, இரவுக் கதையோ வார இறுதி நடையோ, எதுவானாலும் விடுவதில்லை என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மற்றவை தற்காலிகமாக நிற்கின்றன என்பதையும், எந்தத் தேதியில் மீண்டும் தொடங்கும் என்பதையும் நாட்காட்டியில் எழுதுங்கள். தேதி போடாத ஒத்திவைப்பைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

பல மாதங்கள் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது, பாதியில் நிற்கும் வேலையை எடுத்த எடுப்பில் தொடராதீர்கள். இடைவெளிக்குப் பிறகு கையின் இறுக்கம் மாறியிருக்கும். நேரடியாகத் தொடர்ந்தால் விட்ட இடத்தில் ஒரு கோடு போலத் தெரியும். அதே நூலில், அதே ஊசியால் ஒரு சிறு மாதிரியைப் பின்னி, அட்டையில் எழுதிய கண்ணி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கண்ணிகள் கூடுதலாக இருந்தால் ஊசியை ஓர் அளவு பெரிதாக்குங்கள், குறைவாக இருந்தால் ஓர் அளவு சிறிதாக்குங்கள். அதன் பிறகு, கடைசியாகப் பின்னிய இரண்டு வரிசைகளைப் பிரித்துவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்.